ரோட்ரிகஸுக்குக் கூடுதல் விமானம்: 1,287 மீட்டருக்குள் ஒரு கணக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் மொரீசியஸில் ஒரு செய்தி தவறாமல் வரும்: ரோட்ரிகஸுக்குக் கூடுதல் விமானங்கள். வந்த வேகத்தில் டிக்கெட்டும் தீர்ந்துவிடும். அப்புறம் கடைத்தெருவிலும் கோயில் வாசலிலும் ஒரே பேச்சுதான். பாரிசுக்கு முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு போகிற விமானம் நம்மிடம் இருக்கிறதே, அதில் ஒன்றை ஒருநாள் ரோட்ரிகஸுக்கு விட்டால் என்ன? கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் விமான நிறுவனத்தின் அலுவலகத்தில் இல்லை. ரோட்ரிகஸின் தென்மேற்கு முனையில் இருக்கும் பிளேன் கொராய் ஓடுபாதையில் இருக்கிறது. அதன் நீளம் 1,287 மீட்டர். மொரீசியஸின் பெரிய விமான நிலையமான நம் பிளேசான்ஸின் ஓடுபாதையோ 3 கிலோமீட்டருக்கு மேல்.

ரோட்ரிகஸ் மொரீசியஸ் நாட்டின் ஒரு பகுதி. 2002 முதல் தனக்கென்று ஒரு மண்டல சட்டமன்றமும் தன்னாட்சியும் உண்டு. பரப்பளவு 108 சதுர கிலோமீட்டர், மக்கள் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல். நம்மிடமிருந்து கிழக்கு வடகிழக்காக 560 கிலோமீட்டருக்கு மேல் கடல். கப்பலில் போனால் ஒன்றரை நாள் பிடிக்கும், கடல் கொந்தளித்தால் இன்னும் கூடும். இந்த வழியில் ஓடும் ஏடிஆர் என்ற காற்றாடி விமானத்தில் ஒன்றரை மணி நேரம். ஆக, அரிசியும் சிமெண்டும் கப்பலில் போகலாம், மனிதர்கள் விமானத்தில்தான் போயாக வேண்டும் என்ற நிலை. பல்கலைக்கழகத்துக்கு வருகிற மாணவர், கிரேவ் கேரில் உள்ள குயின் எலிசபெத் மருத்துவமனையில் பார்க்க முடியாத நோயோடு வருகிறவர், இங்கிருந்து அங்கே பணிக்குப் போகிற போலீஸ்காரர், தாதி, மின்வாரிய ஆள் எல்லோரும் அந்த ஒரே வாசலில்தான் நுழைய வேண்டும். நம் தமிழ்க் குடும்பங்களிலும் யாராவது ஒருவர் இரண்டு மூன்று வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டு வந்திருப்பார். விடுமுறையில் ஊருக்கு வர இடம் கிடைக்காமல் அவர் தவித்த கதையும் வீட்டில் ஓடியிருக்கும்.

ஏர் மொரீசியஸ் நிறுவனம் 1967-இல் தொடங்கப்பட்டது. ஆனால் அது சொந்தமாகப் பறக்கத் தொடங்கியது 1972-இல், அதுவும் இந்த வழியில்தான், ஒரு சின்னஞ்சிறு பைப்பர் நவாஹோ விமானத்தை வாடகைக்கு எடுத்து. பாரிசும் லண்டனும் மும்பையும் பின்னால் வந்தவை. நவாஹோவுக்குப் பிறகு ட்வின் ஆட்டர், 1980-களின் இரண்டாம் பாதியில் ஏடிஆர் 42, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏடிஆர் 72. ஒவ்வொரு முறையும் விமானம் கொஞ்சம் பெரிதானது. ஏடிஆர் 72-க்கு வந்ததும் அந்த வளர்ச்சி நின்றுவிட்டது. காரணம் பணமும் அல்ல, ஆசைக் குறைவும் அல்ல. ஓடுபாதை அதோடு முடிந்துவிடுகிறது.

ஒரு விமானம் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது ஒரு கணக்கு, சட்டம் எவ்வளவு இடம் கேட்கிறது என்பது வேறு கணக்கு. பயணிகள் விமானங்களுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் விதி ஏறக்குறைய இப்படி: காற்றாடி வைத்த டர்போப்ராப் விமானம் என்றால் ஓடுபாதையின் 70 சதவீதத்துக்குள் இறங்கி நின்றுவிடக்கூடியதாக இருக்க வேண்டும். ஜெட் என்றால் 60 சதவீதத்துக்குள். தரை ஈரமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் தேவைப்படும் நீளத்தோடு இன்னும் 15 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை 1,287 மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். ஏடிஆருக்குக் கிடைப்பது 900 மீட்டர். மழை பெய்தால் 780 சொச்சம். ஜெட்டுக்குக் கிடைப்பது 772 மீட்டர்; மழையில் 670. நூற்று எண்பது பேரை ஏற்றிய ஒரு ஏர்பஸ் 670 மீட்டரில் நிற்பது நடக்காத காரியம். முந்நூறு பேர் விமானத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இது இறங்குவதற்கு. புறப்படுவது இன்னும் சிக்கல். ஓடத் தொடங்கிய விமானத்தின் ஓர் இன்ஜின் மோசமான நொடியில் நின்றுபோனால், ஒன்று மிச்சமுள்ள பாதைக்குள் பிரேக் போட்டு நிற்க முடிய வேண்டும், அல்லது மற்ற இன்ஜினை வைத்துக்கொண்டே எழும்பிவிட முடிய வேண்டும். இரண்டுக்கும் இடம் இருந்தால்தான் கிளம்பலாம். முழு எடையோடு, கடல் மட்டத்தில், மிதமான வெப்பத்தில் ஏடிஆர் 72 இதற்குக் கேட்கும் நீளம் சுமார் 1,300 மீட்டர். பிளேன் கொராயிடம் இருப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவு. அங்கே கோடையான ஜனவரி வெயிலில் காற்று லேசாகிவிடும், இறக்கைக்குப் பிடிமானமும் இன்ஜினுக்கு இழுவையும் குறையும், தேவைப்படும் நீளம் இன்னும் கூடும். அதாவது முழு எடையோடு அங்கிருந்து கிளம்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எதையாவது குறைத்தாக வேண்டும்.

எதைக் குறைப்பது? காலி விமானமே 13 டன்னுக்கு மேல். எழுபத்திரண்டு பேர், ஆளுக்குப் பையோடு சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஆறரை டன். மீதி எரிபொருள். அதிகபட்சம் அனுமதிக்கப்பட்ட எடை 22.8 டன் வாக்கில். தாளில் பார்த்தால் எல்லாம் அடங்குவது போலத் தெரியும். ரோட்ரிகஸ் போன்ற தனித் தீவுக்கு எரிபொருள் கணக்குதான் வில்லங்கம்.

சென்னைக்குப் போகும் விமானம் சென்னையில் இறங்க முடியாவிட்டால் பெங்களூருக்குத் திரும்பலாம், திருச்சிக்குப் போகலாம். ரோட்ரிகஸுக்கு மேலே போய் மேகம் கவிந்து ஓடுபாதை தெரியவில்லை என்றால் அடுத்த விமான நிலையம் எங்கே? பிளேசான்ஸ்தான். கிளம்பின இடத்துக்கே திரும்பி வர வேண்டும். ஆகவே போவதற்கு ஒரு பங்கு, இறங்க முடியாமல் திரும்புவதற்கு இன்னொரு பங்கு, அதற்கு மேல் கையிருப்பு என்று வைத்துக்கொண்டுதான் கிளம்ப முடியும். போகும்போது தென்கிழக்கு வாணிபக் காற்று பெரும்பாலும் முகத்தில் அடிக்கும், அதற்கும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். நல்ல நாளில் அந்தத் திரும்பும் பங்கு செலவாவதே இல்லை. ஆனால் அதன் எடையைச் சுமந்துகொண்டே குட்டைப் பாதையில் இறங்க வேண்டும். எரிபொருளும் பயணியும் பெட்டியும் ஒரே தராசுத் தட்டில் உட்கார்ந்திருக்கின்றன; எரிபொருளை இறக்க முடியாது, டிக்கெட் வாங்கிய ஆளை இறக்குவது அவமானம், ஆகவே இறங்குவது பெட்டி.

ரோட்ரிகஸ் பயணம் போய் வந்தவர்களிடம் கேட்டால் இது புரியும். திரும்பும்போது யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. எலுமிச்சை ஊறுகாய், மிளகாய் விழுது, சிவப்பு பீன்ஸ், தேன், காயவைத்த ஆக்டோபஸ், ஓலைக்கூடை, தொப்பி. தாள்போல மெலிந்த பொருள் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. எல்லாம் கனம். “பெட்டி அடுத்த விமானத்தில் வரும்” என்று கவுண்டரில் சொல்லும்போது யாரோ அலட்சியமாக விட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றும். சில நேரம் அலட்சியமும் இருக்கலாம், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பல நேரம் அது அன்றைய வெயிலும் காற்றும் ஈரமும் சேர்ந்து எடுத்த முடிவு.

நோயாளியைப் படுக்கையோடு ஏற்ற வேண்டி வந்தால் இன்னொரு இழப்பு. படுக்கையை இருக்கைகளின் மேல்தான் பொருத்துவார்கள். ஓர் ஆளுக்காகப் பல இடங்கள் போய்விடும். கூட வரும் தாதிக்கும் உறவினருக்கும் இடம் வேண்டும். அந்த விமானத்தில் விடுமுறைக்குப் போக இருந்த ஒரு குடும்பம் கீழே நிற்கும். யார் மீது கோபப்படுவது?

சரி, பெரிய விமானம் முடியாது, அப்படியானால் சின்ன விமானத்தையே அதிக முறை ஓட்டலாமே என்பது அடுத்த கேள்வி. கூடுதல் விமானம் என்று அறிவிப்பு வருவது இந்த வழியில்தான். இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏடிஆர் ஒன்று பிளேசான்ஸிலிருந்து ரோட்ரிகஸ் போய், ஆட்களை இறக்கி ஏற்றி, திரும்பி வந்து மறுபடி தயாராக ஏறக்குறைய நான்கு மணி நேரம். பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால் மூன்று முறை. மூன்று முறைக்கு இருநூறு சொச்சம் பேர். அதே நான்கு மணி நேரத்தைப் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் பக்கம் திருப்பினால், அது முக்கால் மணி நேரப் பயணம், கிட்டத்தட்ட இரண்டு முறை போய் வந்துவிடலாம். ஏர் மொரீசியஸின் ஏடிஆர்கள் இந்த இரண்டு வழிகளையும் சேர்த்துத்தான் ஓடுகின்றன. எண்ணிக்கையோ விரல்விட்டு எண்ணலாம். ஆகவே ரோட்ரிகஸுக்கு ஒரு புது விமானம் என்றால் ரீயூனியனிலிருந்து நேரத்தைப் பிடுங்க வேண்டும், அல்லது பராமரிப்பிலிருந்து பிடுங்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து ஒரு விமானத்தைப் பணியாளரோடு வாடகைக்கு எடுக்க வேண்டும். முதலாவது ரீயூனியன் பயணியைக் கோபப்படுத்தும். இரண்டாவது இரண்டு வாரத்தில் பழிவாங்கும். மூன்றாவது செலவு.

இரண்டு மூன்று விமானம் மட்டுமே வைத்து ஓட்டும் வழியில் ஒன்று பழுதானால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். முப்பது விமானம் வைத்திருப்பவனுக்கு அது ஒரு தலைவலி. மூன்று வைத்திருப்பவனுக்கு மூன்றில் ஒரு பங்கு கால அட்டவணையே போய்விட்டது. உதிரிப் பாகம் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். ஒருநாள் ரத்தானவர்களை மறுநாள் ஏற்றலாம் என்றால் மறுநாள் விமானம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. விடுமுறைக் காலத்தில் ஒரே ஒரு ரத்து ஒரு வாரம் வரை வால் நீட்டுவது இதனால்தான்.

காலண்டரும் நமக்குச் சாதகமாக இல்லை. தைப்பூசக் காவடி, பிப்ரவரி முதல் தேதி அடிமை ஒழிப்பு நாள், சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி, மார்ச் 12 சுதந்திர தினம், உகாதி. ஆண்டுத் தொடக்கத்தில் அரசு விடுமுறைகள் அடுத்தடுத்து விழுகின்றன. காவடி வெள்ளிக்கிழமை வந்துவிட்டால், கோயிலுக்குப் போகாதவர்கள் மூன்று நாள் ரோட்ரிகஸ் என்று திட்டம் போடுவார்கள். அதே மாதங்கள்தான் புயல் காலம். வெயில் உச்சத்தில் இருக்கும், எடையைக் குறைக்க வேண்டிய நாட்களும் அப்போதுதான் அதிகம். ஆள் கூடும்போதெல்லாம் விமானத்தின் கொள்ளளவு குறைகிறது. புயல் எச்சரிக்கை வந்தால் சேவையே நிற்கும். அது போன பிறகு இரு பக்கமும் மாட்டிக்கொண்டவர்களை முதலில் தூக்க வேண்டும்.

ரீயூனியனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரோட்ரிகஸுக்கு வரும் வெளியாட்களில் பெரும்பாலோர் மொரீசியஸ்காரர்கள், அடுத்து ரீயூனியன்காரர்கள். சென் தெனியிலிருந்தோ சென் பியேரிலிருந்தோ வரும் மலபார் குடும்பம் (அங்குள்ள தமிழ் வம்சாவளியினரை அப்படித்தான் சொல்வார்கள்) ஒன்று ரோட்ரிகஸ் போக வேண்டுமென்றால் வழக்கமாக மொரீசியஸில் இறங்கி மாற வேண்டும். நேரடி விமானம் என்ற யோசனை அதனால் அடிக்கடி எழும். ரீயூனியனின் ஏர் ஆஸ்ட்ரால் தன் ஏடிஆரில் நேராக ரோட்ரிகஸுக்குப் பறந்தும் இருக்கிறது. ரோட்ரிகஸ் மக்களுக்கு இதில் லாபம் வெளிப்படை: மொரீசியஸ் வாசலை நம்பாத இன்னொரு வழி. ஆனால் தூரம் கூடுகிறது, 800 கிலோமீட்டர் வாக்கில் ஆகிவிடும். எரிபொருள் தராசு மறுபடி ஆடும். இப்படிப்பட்ட வழிகள் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் போகாமல், சீசனுக்குச் சீசன் தோன்றி மறைவதற்குப் பின்னால் இதே கணக்குதான். 2015-இல் இந்தியப் பெருங்கடல் தீவுகளின் ஐந்து விமான நிறுவனங்கள் சேர்ந்து வனிலா கூட்டணி என்று ஒப்பந்தம் போட்டன. தீவுகளுக்கு இடையே போக்குவரத்தை எளிதாக்குவது நோக்கம். கையெழுத்துப் போடுவதற்கு ஓடுபாதை நீளம் தேவைப்படாது.

இதெல்லாம் தெரிந்துதான் புது ஓடுபாதைத் திட்டம் வந்தது. பழையதை நீட்டுவதற்குப் பதிலாகப் புதிதாக 2,100 மீட்டர் வாக்கில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம், பிரெஞ்சு வளர்ச்சி முகமை, உலக வங்கி ஆகியவற்றின் பணம் அதில் பேசப்பட்டிருக்கிறது. 2,100 மீட்டர் என்றால் ஜெட்டுக்கு 1,260 மீட்டர், மழையில் சுமார் 1,100 மீட்டர். இந்த நீளம் ஏர்பஸ் ஏ320, ஏ321 வகைகளுக்கு வேலை செய்யும். ஏடிஆருக்கோ இடம் தாராளம்: எந்த வெயிலிலும் எழுபத்திரண்டு பேரும் அவர்களுடைய எலுமிச்சை ஊறுகாயும் சேர்ந்தே வரலாம். என்னைக் கேட்டால், ஜெட்டைவிட இதுதான் முதல் லாபம். புது விமானம் எதுவும் வாங்காமலே, இருக்கிற ஏடிஆர்களிலிருந்து கூடுதல் இடம் கிடைக்கிறது. அதிகாரிகள் பேச்சில் இது கடைசி வரியில்கூட வருவதில்லை, ஜெட் படம்தான் முன்னால்.

இன்னொரு வழியும் இருந்தது. புது ஓடுபாதை போடாமல், குட்டை ஓடுபாதைக்கு ஏற்ற விமானத்தை வாங்குவது. 800 மீட்டரில் ஏறி இறங்கக்கூடிய ஒரு ஏடிஆர் 42 வகையை ஏடிஆர் நிறுவனமே தயாரிக்கத் திட்டமிட்டிருந்தது. 2024 நவம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வாங்க ஆள் போதவில்லை. வந்திருந்தாலும் அதில் ஐம்பது பேருக்கு மேல் உட்கார முடியாது. அந்தக் கதவு மூடியாயிற்று.

ஓடுபாதை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் எந்த விமானம் இறங்கும்? யோசித்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. ஏர் மொரீசியஸிடம் முன்பு ஏர்பஸ் ஏ319 என்ற நடுத்தர ஜெட் இரண்டு இருந்தன, ரோட்ரிகஸின் புதுப் பாதைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றவை. 2020 ஏப்ரலில் கோவிட் அடியில் நிறுவனம், நெருக்கடியைச் சமாளிக்க நியமிக்கப்பட்ட வெளி நிர்வாகிகளின் பொறுப்புக்குப் போனது. அந்தக் காலத்தில் ஏ319-கள் கழிக்கப்பட்டன. அதற்குப் பிறகு கையில் இருப்பது ஒரு பக்கம் எழுபத்திரண்டு பேர் ஏடிஆர், மறுபக்கம் ஏ330 நியோ, ஏ350 என்ற பெரிய விமானங்கள். எழுபத்திரண்டுக்கும் இருநூற்று எண்பதுக்கும் நடுவில் வெறும் காலியிடம். பெரிய விமானத்தை ஒன்றரை மணி நேர வழிக்கு அனுப்புவது கட்டுப்படியாகாது, 2,100 மீட்டர் பாதையில் அது சரியாகவும் பொருந்தாது. ஆகவே ஓடுபாதைக்குச் செலவழித்த பிறகு விமானத்துக்கும் செலவழிக்க வேண்டும். மாறாக, ரீயூனியனின் ஏர் ஆஸ்ட்ரால் 2021-இல் மூன்று ஏ220 வாங்கியது. நூற்று முப்பது பேர் விமானம், நடுத்தர ஓடுபாதைக்கு மிகப் பொருத்தம். இன்ஜின் கோளாறுகளால் அவற்றைத் தொடர்ந்து பறக்க வைப்பதே பெரும்பாடாகிவிட்டது என்பது வேறு கதை. ஆனால் நம் தீவு கட்டும் பாதையில் முதலில் இறங்கத் தகுந்த அளவு விமானத்தைப் பக்கத்துத் தீவுக்காரர்கள் வாங்கினார்கள் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஓடுபாதையைக் கட்டினால் விமானம் தானாக வரும் என்ற நம்பிக்கைக்கு அருகிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. ரீயூனியனின் தெற்கில், சென் பியேருக்குப் பக்கத்தில் பியேர்ஃபோன் விமான நிலையம். அதன் ஓடுபாதையும் 2,100 மீட்டர்தான். பயணிகள் விமானத்துக்கு 1998-இல் திறந்தார்கள். அங்கிருந்து மொரீசியஸுக்கு ஏடிஆர்கள் பறந்தன. ரீயூனியன் தெற்கில் தமிழ் வம்சாவளியினர் அதிகம். பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும் புடவைக்கும் மொரீசியஸ் வந்து போகிற குடும்பங்களுக்கு அது வாசல்படியில் நிற்கும் பஸ் மாதிரி வசதியாக இருந்தது. 2009-இல் தமரின் நெடுஞ்சாலை திறந்தது. தெற்கிலிருந்து சென் தெனி பக்கத்து ரோலான் கரோஸ் விமான நிலையத்துக்குக் காரில் போவது முன்னைவிடச் சுலபமாயிற்று. அங்கே போனால் பாரிஸ் விமானமும் உண்டு, நேரத் தேர்வும் உண்டு. இரண்டு நிலையங்களிலும் ஆட்களையும் கருவிகளையும் வைத்திருப்பது நிறுவனங்களுக்கு இரட்டைச் செலவு. பியேர்ஃபோன் சேவை தேய்ந்து, கோவிட் காலத்தோடு வழக்கமான பயணிகள் விமானம் நின்றேபோனது. ஓடுபாதை அங்கேயேதான் இருக்கிறது.

ரோட்ரிகஸுக்கு அந்த விதி வராது, ஏனென்றால் அங்கிருந்து காரில் போக வேறு விமான நிலையம் கிடையாது. அதன் நிலைமைக்கு நெருக்கமான உதாரணம் அட்லாண்டிக்கில் உள்ள செயிண்ட் ஹெலினா. பிரிட்டிஷ் அரசு 28 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டி விமான நிலையம் கட்டியது. 2016-இல் திறக்க நாள் குறித்தபோதுதான், பாறை முனையில் காற்று திடீர் திடீரென்று திசை மாறுவது தெரியவந்தது. பெரிய விமானங்கள் இறங்க முடியவில்லை. கடைசியில் 2017 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனம் எம்ப்ரேயர் 190 விமானத்தில் வாராந்திரச் சேவையைத் தொடங்கியது. தொண்ணூறு சொச்சம் இருக்கைகளில் 76 பேரை மட்டும் ஏற்றியது. காரணம் அதே தராசுதான்: தனித் தீவு, திரும்பி வர எரிபொருள், எடைக் கட்டுப்பாடு. பாதை நீளமானாலும் தீவு தனித் தீவாகவே இருக்கும். ரோட்ரிகஸிலும் புது ஓடுபாதை எரிபொருள் பங்கைக் குறைக்காது. அதைச் சுமக்க இடம் தரும், அவ்வளவுதான்.

இனி என் கவலைக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து ஏடிஆர் போகிறது என்று வையுங்கள். 180 பேர் ஏறும் ஜெட் இரண்டு போனால் அந்த ஐந்துக்கும் சமம். கணக்குப்பிள்ளைக்கு இது பிடிக்கும்: பைலட்டுகள் குறைவு, ஒரு ஆளுக்கு ஆகும் செலவு குறைவு. சுற்றுலாப் பயணிக்கும் பரவாயில்லை, அவர் காலை போனாலும் மாலை போனாலும் ஒன்றுதான். ஆனால் மருத்துவரைப் பார்க்க வருகிறவருக்கு, நேர்முகத் தேர்வுக்கு வருகிற பிள்ளைக்கு, சாவு வீட்டுக்கு ஓடி வருகிறவருக்கு ஐந்து வாய்ப்புகள் இரண்டாகச் சுருங்குகின்றன. ஒன்று ரத்தானால் பாதிநாள் போக்குவரத்து போயிற்று. உலகத்தில் பல சிறு விமான நிலையங்களில் பெரிய விமானம் வந்த கையோடு சின்ன விமானம் காணாமல் போயிருக்கிறது. எல்லோரும் இருக்கை எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். தினசரி எத்தனை முறை என்று கேட்கிற குரல் அவ்வளவாகக் காதில் விழவில்லை.

கட்டணமும் ஓடுபாதை நீளத்தால் முடிவாவதில்லை. ரோட்ரிகஸ்வாசிகளுக்குச் சலுகைக் கட்டணம், மொரீசியஸ்காரர்களைச் சுற்றுலாவுக்கு இழுக்க அரசு மானியத்தோடு விடுமுறைத் திட்டம் என்று பல வருடங்களாகவே விலையில் அரசின் கை இருக்கிறது. அது நியாயம் என்றே நினைக்கிறேன். பஸ்ஸுக்கு மானியம் கொடுக்கும் நாடு, கடல் நடுவே இருக்கும் குடிமக்களின் ஒரே பொதுப் போக்குவரத்துக்குக் கொடுக்கக் கூடாதா? ஆனால் மானியம் தரும் அரசே விமான நிறுவனத்தின் பெரும் பங்குதாரராகவும் இருக்கும்போது, இந்த வழியில் உண்மையில் நட்டம் எவ்வளவு, யார் யாருக்குச் சலுகை போகிறது என்பதைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாமல் போகிறது. பிரான்ஸ் போன்ற நாடுகள் இத்தகைய தீவு வழிகளில் வாரத்துக்குக் குறைந்தது இத்தனை முறை, உள்ளூர்வாசிக்கு அதிகபட்சம் இத்தனை விலை என்று ஒப்பந்தம் எழுதி, அதற்கு நட்டஈடு கொடுக்கின்றன. கோர்சிகா வழிகள் அப்படித்தான் ஓடுகின்றன. நம்மிடமும் அப்படி எழுத்தில் இருந்தால், கூடுதல் விமானம் என்பது விடுமுறை அறிவிப்பாக வராமல் கடமையாக வரும்.

விமானம் கூடினால் தீவுக்கு என்ன ஆகும் என்பதையும் ஓடுபாதையோடு சேர்த்தே பேச வேண்டும். ரோட்ரிகஸில் தண்ணீர்ப் பஞ்சம் பழைய கதை. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வைத்தும் பல வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் நாள்கணக்கில் வருவதில்லை. மின்சாரம் பெரும்பகுதி டீசலில் ஓடுகிறது. தங்கும் இடங்களில் பெரும்பாலானவை குடும்பம் நடத்தும் சிறு விடுதிகள். ஒரு ஏடிஆர் இறக்கிவிடும் அறுபது எழுபது பேரைத் தீவு மெல்ல விழுங்கிக்கொள்ளும். ஒரே நேரத்தில் நூற்று எண்பது பேர் இறங்கினால் பெட்டி வருவதிலிருந்து குளிக்கத் தண்ணீர் வரை எல்லாவற்றிலும் வரிசை நிற்கும். அதைச் சமாளிக்கப் பெரிய ஓட்டல்கள் வரும், சிறு விடுதிக்காரர் ஒதுங்குவார். ஆக்டோபஸ் வளம் குறைந்தபோது 2012 முதல் ஆண்டுக்கு ஒருமுறை பிடிப்பை நிறுத்திவைக்கும் ஒழுங்கை அந்த மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் கடல் எவ்வளவு தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எத்தனை பயணியைத் தாங்கும் என்ற கேள்வியையும் ரோட்ரிகஸின் தலைநகர் போர்ட் மாத்துரேனில் உள்ள சட்டமன்றமே முடிவு செய்ய வேண்டும், பிளேசான்ஸில் அட்டவணை போடுபவர்கள் அல்ல. ஓடுபாதை ஒப்பந்தத்தில் கான்கிரீட் எவ்வளவு என்று எழுதுவார்கள். தண்ணீர்க் குழாய்க்கு யார் பணம் என்பதும், ஜெட் வந்த பிறகும் நாளுக்குக் குறைந்தது எத்தனை ஏடிஆர் தொடரும் என்பதும் அதே காகிதக் கட்டில் இடம்பெறுமா என்பதுதான் இப்போது அங்கே கேட்க வேண்டியது.